கத்தியைக் கைவிட்டவர்களின் கொலைக்கதைகள்: டேமர் மையர்ஸ், பி. எல். காஸ் – ஓர் ஒப்பாய்வு

கொலை செய்யமாட்டோம், எங்களைக் கொல்ல வருகிறவனை எதிர்த்தும் ஆயுதம் எடுக்கமாட்டோம், நீதிமன்றத்தில் சத்தியம் செய்யமாட்டோம், தீங்கிழைத்தவனைத் தண்டிக்கச் சொல்லி வழக்காடமாட்டோம். ஐந்நூறு ஆண்டுகளாக இப்படிச் சொல்லிவரும் ஒரு மக்கள் கூட்டத்தின் நடுவே துப்பறியும் கதைக்கு என்ன வேலை? கொலை, விசாரணை, தண்டனை என்ற மூன்று கால்களில் நிற்கும் கதைவடிவம் அது. அந்த மூன்றையும் விசுவாசத்தின் பெயரால் விலக்கிய ஊரில் அது எப்படி நிற்கும்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கத் துப்பறியும் இலக்கியத்தில் ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு விடைகள் வந்தன. 1994இல் டேமர் மையர்ஸ் எழுதிய ‘டூ மெனி க்ரூக்ஸ் ஸ்பாயில் த ப்ராத்’ வெளியானது. ‘பென்சில்வேனியா டச்சு மிஸ்டரிஸ்’ என்று பெயர்பெற்ற நகைச்சுவை வரிசையின் முதல் நாவல் அது. 1999இல் பி. எல். காஸ் எழுதிய ‘பிளட் ஆஃப் த ப்ராடிகல்’ வந்தது. ஓஹையோ மாநிலத்தின் ஆமிஷ் மக்களைப் பற்றிய நாவல் வரிசை அதிலிருந்து தொடங்கியது. மையர்ஸின் கதைகள் வாய்விட்டுச் சிரிக்கவைப்பவை. காஸின் கதைகள் குரலை உயர்த்தாமல் நம்மை யோசிக்கவைப்பவை.

இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் கனமானதைத்தான் பலரும் கை காட்டுவார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்ததில் எனக்குக் கிடைத்த முடிவு வேறு. மென்னோனைட், ஆமிஷ் என்னும் இந்த மக்களின் கோட்பாட்டைக் காஸ் ஆழமாகப் புரிந்துகொண்டு எழுதுகிறார். இந்த மக்களைக் குறைநிறை உள்ள மனிதர்களாக மையர்ஸ்தான் கூடுதலாக நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு அவர் கண்ட வழி நகைச்சுவை.

பின்னணி: எதிர்க்காத மக்கள்

1525 ஜனவரியில் சூரிக் நகரில் சிலர் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, அறிந்து விசுவாசித்தவரே அதைப் பெறவேண்டும் என்பது அவர்கள் வாதம். கத்தோலிக்கர்களும் பிராட்டஸ்டண்டுகளும் ஒருசேர அவர்களைத் துன்புறுத்தினார்கள். 1527இல் ஷ்லைட்ஹைமில் அவர்கள் வகுத்த ஏழு கொள்கைகளில் இரண்டு நம் ஆய்வுக்கு முக்கியமானவை. கிறிஸ்துவின் பாதையில் நடப்பவர் வாளைத் தொடக்கூடாது, நீதிபதியின் பதவியிலும் அமரக்கூடாது என்பது ஒன்று. சத்தியம் செய்யக்கூடாது என்பது மற்றொன்று. ஃப்ரீஸ்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்த மென்னோ சைமன்ஸ் 1536இல் தம் பதவியைத் துறந்து இவர்களோடு சேர்ந்தார். அவர் பெயரால் இவர்கள் மென்னோனைட்டுகள் ஆனார்கள். 1693இல் சபை ஒழுங்கை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று யாகோப் அம்மான் பிரிந்தார். அவர் வழி வந்தவர்கள் ஆமிஷ்கள்.

மென்னோனைட்டுகளில் பல படிகள் உண்டு. குதிரைவண்டியோடு நிற்பவர்களும் உண்டு. கார் ஓட்டி, கல்லூரியில் படித்து, மருத்துவராகவும் ஆசிரியராகவும் வாழ்பவர்களும் உண்டு. உலகெங்கும் இந்த மரபின் சபைகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் 20 லட்சத்துக்கு மேல். இன்று அவர்களில் பெரும்பான்மையோர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்கிறார்கள். இந்தியாவில் சத்தீஸ்கரின் தம்தரியில் 1899இல் அமெரிக்க மென்னோனைட் மிஷனரிகள் பணி தொடங்கினார்கள்.

இந்த மக்கள் தங்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளில் முதன்மையானது டிர்க் வில்லம்ஸுடையது. 1569இல் நெதர்லாந்தில் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்நிலையின் மேல் ஓடிக்கொண்டிருந்தார். துரத்தி வந்தவன் பனி உடைந்து நீரில் விழுந்தான். வில்லம்ஸ் திரும்பி வந்து அவனைத் தூக்கிக் காப்பாற்றினார்; அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார். மற்றொன்று அமெரிக்க மண்ணில் நடந்தது. 1757இல் பென்சில்வேனியாவின் நார்த்கில் குடியேற்றத்தில் யாகோப் ஹோக்ஸ்டெட்லரின் வீடு தாக்கப்பட்டது. வேட்டைத் துப்பாக்கியை எடுத்த மகன்களைச் சுடக்கூடாது என்று அவர் தடுத்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அவரும் இரண்டு மகன்களும் சிறைபிடிக்கப்பட்டார்கள். மையர்ஸின் நாவல்களில் சமையற்காரியாக வரும் ஃப்ரெனி ஹோஸ்டெட்லரின் குடும்பப் பெயர் இந்தப் பெயரின் இன்னொரு வடிவம்தான். சிரிப்புக் கதையின் சமையலறை வரைக்கும் அந்த வரலாறு வந்து நிற்கிறது.

எழுதியவர்கள்: உள்ளிருந்து ஒருவர், பக்கத்திலிருந்து ஒருவர்

டேமர் மையர்ஸ் 1948இல் பெல்ஜியன் காங்கோவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். பாஷிலேலே மக்களிடையே வளர்ந்து, பதின்வயதில் அமெரிக்காவுக்கு வந்தார். ஆமிஷ் வம்சாவளி அவருடையது. தனக்கு ரத்த உறவான மக்களை, வேறொரு கண்டத்தில் கண் திறந்த ஒருவர் பார்க்கும் பார்வை அவருக்கு வாய்த்தது. அந்தப் பார்வையில் நெருக்கமும் உண்டு, வியப்பும் உண்டு. கனமாக எழுத வராததால் சிரிப்பில் ஒதுங்கியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. 2009இல் தொடங்கிய காங்கோ நாவல்களில் காலனி ஆட்சியின் கடைசி ஆண்டுகளையும் மிஷனரி வாழ்வின் முரண்களையும் அவர் எழுதியிருக்கிறார். பென்சில்வேனியாவுக்குச் சிரிப்பை அவர் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தார்.

பால் லூயிஸ் காஸ் வேதியியல் பேராசிரியர். ஓஹையோவின் வூஸ்டர் கல்லூரியில் பணியாற்றியவர். காட்டன், வில்கின்சன் ஆகியோருடன் சேர்ந்து கனிம வேதியியல் பாடநூல் எழுதியவர்களில் ஒருவர். வூஸ்டருக்குத் தெற்கே ஹோம்ஸ் மாவட்டம். அமெரிக்காவின் மிகப்பெரிய ஆமிஷ் குடியிருப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது. பல ஆண்டுகள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து, கவனித்து, படித்து எழுதியவர் காஸ். தான் அந்த மக்களில் ஒருவர் என்று எங்கும் பாவனை செய்ததில்லை. அந்த நேர்மை அவருடைய கதை அமைப்பிலேயே தெரிகிறது.

ஊர்: பார்க்க வந்தவர்களும் பார்க்கப்படுபவர்களும்

மையர்ஸின் ஊர் ஹெர்னியா. பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டுக்கு அருகே அவர் படைத்த கற்பனைச் சிற்றூர். அங்கே மேக்டலீனா யோடர் தன் பெற்றோரின் பழைய பண்ணை வீட்டைத் தங்கும் விடுதியாக்கி, ‘பென்டச்சு இன்’ என்ற பெயரில் நடத்துகிறாள். நகரத்துப் பணக்காரர்களும் பிரபலங்களும் ‘எளிய வாழ்க்கை’யை ருசிக்க அங்கே வருகிறார்கள். கூடுதல் கட்டணம் கட்டினால் ‘ஆமிஷ் வாழ்க்கைமுறைத் திட்டம்’ கிடைக்கும்: தங்கள் அறையைத் தாங்களே பெருக்கலாம், வீட்டு வேலைகளில் பங்குபெறலாம். வேலைக்காரிக்குக் கொடுக்கவேண்டிய கூலி மிச்சம். விருந்தாளிக்கோ ஆன்மிக அனுபவம் கிடைத்த திருப்தி.

வெறும் வேடிக்கையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்குள் கூர்மையான ஒரு விமர்சனம் இருக்கிறது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டரிலும் ஓஹையோவின் ஹோம்ஸிலும் சுற்றுலா என்பது பெருந்தொழில். குதிரைவண்டியைப் படம் பிடிக்கவும், கைத்தையல் மெத்தைவிரிப்பு வாங்கவும், வயலில் உழுபவரை வேலியோரம் நின்று பார்க்கவும் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். 1985இல் வந்த ‘விட்னஸ்’ திரைப்படம் அந்த ஆர்வத்தை இன்னும் வளர்த்தது. மையர்ஸ் இந்தப் பார்வையைத் திருப்பிப் போடுகிறார். பார்க்க வந்தவர்களைப் பார்ப்பவள் மேக்டலீனா. முதல் நாவலில் மான் வேட்டைக்கு வந்த அமெரிக்கக் காங்கிரஸ் அவை உறுப்பினரின் கூட்டமும் அந்த வேட்டையை எதிர்க்கும் விலங்குரிமைக்காரர்களும் ஒரே மேசையில் சாப்பிட உட்காருகிறார்கள். ஒவ்வொருவரின் பாசாங்கையும் பேராசையையும் அவள் அளந்துகொண்டே பரிமாறுகிறாள். எளிமை என்பது இந்த விருந்தாளிகளுக்கு விடுமுறைப் பொருள். அவளுக்கோ பிறந்த வீடு. அந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டியிருக்கும். மையர்ஸுக்கு ஒரு சாப்பாட்டு மேசை போதும்.

காஸின் களம் உண்மையான மண். மில்லர்ஸ்பர்க் நகரம், அதன் நீதிமன்றச் சதுக்கம், ஹோம்ஸ் மாவட்டத்தின் சரளைச் சாலைகள், மலைச்சரிவுகள் எல்லாவற்றையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவருடைய பேராசிரியர் பணிபுரியும் மில்லர்ஸ்பர்க் கல்லூரி மட்டும் கற்பனை. மண்ணை நன்கு அறிந்தவரின் உறுதி அவருடைய நிலக்காட்சியில் இருக்கிறது. எந்த வீட்டில் டீசல் இயந்திரம் அனுமதி, எந்த ஒழுங்குக்குட்பட்ட சபையில் அதுவும் கிடையாது என்ற நுணுக்கங்களை அவர் பிழையின்றிக் காட்டுகிறார். ஆனால் அவருடைய கதையில் ஆமிஷ் மக்களை நாம் எப்போதும் வெளியாளின் கண்ணால்தான் சந்திக்கிறோம். முற்றத்தில் நின்று பேசுகிறோம், கதவு கொஞ்சம் திறக்கிறது, பிறகு மூடிக்கொள்கிறது.

துப்பறிபவர்: நாவும் அறிவும்

காஸின் நாவல்களில் விசாரணை மூவர் கூட்டுறவு. உள்நாட்டுப் போர் வரலாற்றைக் கற்பிக்கும் பேராசிரியர் மைக்கேல் பிராண்டன், போதகர் கால் டிராயர், ஷெரிஃப் புரூஸ் ராபர்ட்சன் ஆகிய மூவரும் சிறுவயது நண்பர்கள். ஷெரிஃப் அரசின் கை. போதகர் சபையின் நம்பிக்கையைப் பெற்றவர். பேராசிரியர் இருவருக்கும் நடுவே நிற்பவர். முதல் நாவலில் பிஷப் எலி மில்லர் தம் பேரனைத் தேடித்தரும்படி கேட்டு வருகிறார். சபையிலிருந்து விலக்கப்பட்ட தம் மகனே பையனைக் கொண்டு போய்விட்டான் என்கிறார். போலீசுக்குச் சொல்லக்கூடாது என்றும் நிபந்தனை வைக்கிறார். அரசிடம் போக முடியாத மக்கள் வேறு யாரிடம் போவார்கள்? அந்த ஒரே நிபந்தனையில் தொழில்முறை சாராத துப்பறிவாளர் தேவைப்படும் காரணம் இயல்பாகப் பிறக்கிறது. பொதுவாக இவ்வகைக் கதைகளில் போலீஸ் இருக்கும்போது சாதாரண மனிதர் ஏன் மூக்கை நுழைக்கிறார் என்பதற்குச் சாக்கு தேட வேண்டியிருக்கும். காஸுக்கு அந்தச் சிரமம் இல்லை. கோட்பாடே கதையை நடத்துகிறது.

மேக்டலீனா வேறு ரகம். நெட்டையான, ஒல்லியான, சிக்கனத்தைக் கஞ்சத்தனம் வரைக்கும் கொண்டுபோன, நாற்பதைக் கடந்த திருமணமாகாத பெண்ணாகத்தான் அவளை முதலில் சந்திக்கிறோம். தலையில் மெல்லிய துணியாலான ஜெபத்தொப்பி. வாயில் கூரான பதில். அவள் பெற்றோர் ஒரு சுரங்கச் சாலையில் பால் லாரிக்கும் காலணி ஏற்றிய லாரிக்கும் நடுவே நசுங்கி இறந்தவர்கள். தங்கை சூசன்னா விசுவாசத்தை விட்டு விலகி, துணிச்சுருளைச் சுற்றிக்கொண்டு, சின்னஞ்சிறு நாயை உள்ளாடைக்குள் வைத்துத் திரிபவள். ஊர்ப் போலீஸ் தலைவர் மெல்வின் ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் சிறுவயதில் காளையில் பால் கறக்கப்போய் உதைபட்டவர். போலீஸ் இப்படி இருந்தால் விடுதிக்காரி துப்பறிய வேண்டியதுதான்.

இங்கே மையர்ஸ் செய்யும் ஒரு நுட்பமான காரியம் கவனத்துக்குரியது. ஆயுதம் எடுக்காத மரபில் பிறந்த பெண்ணுக்கு எஞ்சியிருக்கும் ஆயுதம் நாக்கு. மேக்டலீனா யாரையும் அடிப்பதில்லை, சொல்லால் வெட்டுகிறாள். வெட்டிய மறுநொடியே குற்ற உணர்ச்சியில் நெளிகிறாள். பெருமை பாவம், தாழ்மையே அழகு என்று போதிக்கப்பட்டு வளர்ந்தவள், தன் குலத்தின் தாழ்மையை நினைத்து அளவற்ற பெருமை கொள்கிறாள். இந்த முரணில்தான் அவளுடைய நகைச்சுவை முழுவதும் சுழல்கிறது. காஸின் நாவலில் ஆமிஷ் நெறி ஒரு மனிதரை எப்படி உயர்த்துகிறது அல்லது முறிக்கிறது என்று காண்கிறோம். மையர்ஸின் நாவலில் அந்த நெறியோடு தினமும் மல்லுக்கட்டும் ஒருத்தியின் மூச்சைக் கேட்கிறோம். தன்மை ஒருமையில் அவளே பேசுவதால் அவளுடைய பொறாமை, ஆசை, பயம், பக்தி எதுவும் ஒளிவதில்லை.

ஆமிஷ் சமையற்காரி ஃப்ரெனியும் மென்னோனைட் முதலாளி மேக்டலீனாவும் உறவுக்காரர்கள். ஃப்ரெனி அடிக்கடி வேலையை விட்டுவிடுகிறாள், பிறகு திரும்பி வருகிறாள். மருமகளோடு அவளுக்கு ஆகாது. வெளியார் கண்ணுக்கு ஒரே மாதிரி தொப்பி அணிந்த இரண்டு பெண்கள். ஒருத்தி கார் ஓட்டுவாள், மற்றவள் ஓட்டமாட்டாள். ஒருத்தி கொஞ்சம் உலகத்தோடு ஒத்துப்போனவள், மற்றவள் அதைக் கண்டு முகம் சுளிப்பவள். 1693இன் பிரிவினையை இறையியல் நூல்கள் சபை விலக்கத்தின் கடுமை பற்றிய சர்ச்சையாக விளக்கும். மையர்ஸ் அதே பிரிவினையை வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும் மணக்கும் சமையலறையில் இரண்டு பெண்களின் நச்சரிப்பாக வாழவைக்கிறார். நாவல்களுக்குள் சமையல் குறிப்புகளும் வருகின்றன. இவ்வகை நூல்களின் வழக்கம்தான் அது. ஆனால் உணவும் விருந்தோம்பலும் மையமான ஒரு பண்பாட்டில் அந்த வழக்கம் இயல்பாகப் பொருந்துகிறது.

நீதி: கைது செய்த பிறகு என்ன?

துப்பறியும் கதையின் கடைசிக் காட்சி எல்லோருக்கும் தெரியும். எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி, துப்பறிபவர் கொலையாளியைச் சுட்டிக் காட்டுவார். மென்னோனைட் மரபிலும் குற்றத்தைக் கையாள ஒரு முறை உண்டு. மத்தேயு 18ஆம் அதிகாரத்தின்படி, முதலில் தவறு செய்தவரைத் தனியே சந்தித்துப் பேசவேண்டும். கேட்காவிட்டால் இரண்டு மூன்று பேரோடு போகவேண்டும். அதற்கும் இணங்காவிட்டால் சபைமுன் வைக்கவேண்டும். இதில் சுட்டுவிரலுக்குக் கடைசி இடம்தான். குற்றவாளியின் வாயிலிருந்தே அறிக்கை வருவதும், மனம் மாறினால் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்வதுமே இலக்கு.

இந்த மோதலைக் காஸ் நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். அவருடைய மிகப்பெரிய சாதனை இதுதான். 2000இல் வந்த ‘புரோக்கன் இங்கிலீஷ்’ நாவலில் ஆமிஷ் நெறியைத் தழுவிய முன்னாள் ராணுவ வீரன் டேவிட் ஹாக்கின்ஸின் மகள் கொலையாகிறாள். பழைய பயிற்சி பெற்ற கை பழிவாங்குமா, புதிதாக ஏற்ற விசுவாசம் அதைத் தடுக்குமா என்பதே கதையின் பதற்றம். 2011இல் வந்த ‘ஹார்ம்லெஸ் ஆஸ் டவ்ஸ்’ இன்னும் துணிச்சலானது. ஓர் இளைஞன் பிஷப்பிடம் வந்து தான் கொலை செய்துவிட்டதாக ஒப்புக்கொள்வதில் கதை தொடங்குகிறது. பிற துப்பறியும் கதைகள் அறிக்கையில் முடியும். காஸ் அறிக்கையில் தொடங்குகிறார். மன்னிப்புக் கேட்டு வந்தவனைச் சபை என்ன செய்யும், சட்டம் என்ன செய்யும் என்ற இரு கேள்விகளும் அருகருகே நிற்கின்றன.

இந்தக் கேள்விகளுக்கு வாழ்க்கையே ஒருமுறை விடை சொன்னது. 2006 அக்டோபர் 2 அன்று லங்காஸ்டர் மாவட்டத்தின் நிக்கல் மைன்ஸ் ஆமிஷ் பள்ளியில் ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவனும் தற்கொலை செய்துகொண்டான். அந்த ஆமிஷ் மக்கள் கொலைகாரனின் மனைவியைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள். அவனுடைய அடக்கத்துக்கும் சென்றார்கள். உலகம் திகைத்தது. காஸின் நாவல்களை முன்பே படித்தவர்களுக்கு அந்தச் செயலின் வேர் புரிந்திருக்கும். கோட்பாடு வெறும் வாய்ச்சொல்லாக நிற்காமல் மனிதரை நடத்தும் ஆற்றலாக மாறுவதை அவர் ஏற்கெனவே காட்டியிருந்தார்.

மையர்ஸிடம் இந்தக் கனம் இல்லை. அவருடைய கதையில் பிணம் விழுகிறது, சந்தேகம் பரவுகிறது, மேக்டலீனா ஆபத்தில் சிக்கித் தப்புகிறாள், கொலையாளி பிடிபடுகிறான். இறந்தவருக்காக நாம் அழுவதில்லை. கொன்றவரை மன்னிப்பதா என்ற கேள்வியை, மென்னோனைட் பெண்ணாகிய கதைசொல்லி நின்று சிந்திப்பதே அரிது. ரத்தத்தையும் வலியையும் திரைக்குப் பின்னே நிறுத்துவது இவ்வகைக் கதைகளின் மரபு. 1930இல் மிஸ் மார்ப்பிளின் முதல் நாவலில் அகதா கிறிஸ்டி ஒரு பாதிரியார் வீட்டிலேயே பிணத்தைக் கிடத்திய நாளிலிருந்து அந்த மரபு தொடர்கிறது. ஆயினும் மன்னிப்பை உயிர்மூச்சாகக் கொண்ட ஒரு மக்களைப் பற்றி எழுதும்போது மன்னிப்பைத் தொடாமல் போவது இழப்புதான்.

இருவருமே தவறவிட்ட ஒன்றும் உண்டு. 1974இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் 22 இடங்களில் சொத்துகளைச் சேதப்படுத்தினார்கள். மென்னோனைட் மத்தியக் குழுவோடு சேர்ந்து பணியாற்றிய நன்னடத்தை அதிகாரி மார்க் யான்ட்ஸி, அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கே அழைத்துச் சென்று பேசவைக்கலாம் என்று நீதிபதியிடம் யோசனை சொன்னார். இளைஞர்கள் கதவு கதவாகப் போய் முகம் பார்த்துப் பேசி, இழப்பை ஈடுசெய்தார்கள். குற்றத்தால் அறுந்த உறவைச் சீர்செய்வதே நீதி என்னும் நவீன இயக்கத்தின் தொடக்கங்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது. மென்னோனைட் அறிஞர் ஹோவர்ட் ஸேர் 1990இல் ‘சேஞ்சிங் லென்ஸஸ்’ நூலில் அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். குற்றத்துக்கு மென்னோனைட்டுகள் உலகுக்கு அளித்த சொந்த விடை இது. துப்பறியும் கதைக்குப் புதிய முடிவு ஒன்றைத் தரக்கூடிய வளமான பொருள் இது. ஆனால் காஸின் கதைகளும் பெரும்பாலும் ஷெரிஃபின் கையில்தான் முடிகின்றன. மையர்ஸின் கதைகள் கைதோடு நின்றுவிடுகின்றன.

பயபக்தியின் விலை, சிரிப்பின் விலை

காஸின் குறை அவருடைய நற்குணத்திலிருந்தே பிறக்கிறது. அவர் ஆமிஷ் மக்களை மிகவும் மதிக்கிறார். அதனால் அவர்கள் சிரிப்பதே இல்லை. பிஷப்புகள் நீதிமொழிபோலப் பேசுகிறார்கள். பெண்கள் பொறுமையாகவோ உடைந்துபோயோ நிற்கிறார்கள். இளைஞர்கள் வெளியுலகின் போதையிலும் பணத்திலும் அகப்பட்டுத் தடுமாறுகிறார்கள். தீமை பெரும்பாலும் வெளியிலிருந்து நுழைகிறது, அல்லது வெளியைத் தொட்டதால் வருகிறது. ‘கிளவுட்ஸ் வித்தவுட் ரெயின்’ நாவலில் பேராசிரியர் ஆமிஷ் உடையில் குதிரைவண்டி ஓட்டி, வண்டிகளை வழிமறிக்கும் கொள்ளையர்களைப் பிடிக்கக் கிளம்புகிறார். கதை விறுவிறுப்பாக நகர்கிறது. ஆனால் கவனித்தால், அந்த மக்களின் உடையைக் கூட அவர்களுக்காக வேறொருவர் அணிந்துகொள்கிறார். அன்பும் மரியாதையும் நிறைந்த இடத்தில்கூட அவர்கள் பாதுகாக்கப்படவேண்டியவர்களாகவே நிற்கிறார்கள். சக மனிதரைத் தூய்மையின் உருவமாக்குவதும் ஒருவகையில் அவரைத் தூரத்தில் நிறுத்துவதுதான்.

மையர்ஸின் குறைகள் சிரிப்பின் கூலி. மெல்வினின் முட்டாள்தனம் ஒவ்வொரு நாவலிலும் திரும்ப வந்து சலிக்கவைக்கிறது. பெற்றோரின் மரணம், நாய், காளை எல்லாம் வழக்கமான சுருதிபோல மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றன. வரிசை நீள நீள, விடுதிக்குள் நடக்கும் கூத்து பெருகி, ஊரின் சபை வாழ்வு மெலிகிறது. மென்னோனைட்டுகளின் நான்கு குரல் இசை, ஒருவர் வீட்டுச் சுமையை ஊரே தூக்கும் வழக்கம் போன்றவற்றுக்கு அவருடைய பக்கங்களில் போதிய இடமில்லை. இவை எல்லாம் உண்மையான குறைகளே.

ஆனாலும் எடைபோட்டால் என் தட்டு மையர்ஸின் பக்கம் சாய்கிறது. காரணம் ஒன்றுதான். மேக்டலீனா தவறு செய்கிறாள். திருமணம் செய்துகொண்ட முதல் கணவனுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது பிறகுதான் தெரியவருகிறது. தன்னையறியாமல் விபச்சாரி ஆகிவிட்டேன் என்று ஊர்முன் கூசி நிற்கிறாள். பிறகு நியூயார்க்கிலிருந்து வந்த யூத மருத்துவர் கேப்ரியல் ரோசனை மணக்கிறாள், மாமியாரோடு மல்லுக்கட்டுகிறாள், நடுவயதில் தாயாகிறாள், ஊரின் மேயரும் ஆகிறாள். தன் சபையின் எல்லைகளில் முட்டி மோதினாலும் சபையை விட்டு வெளியே போவதில்லை. இந்த மக்களைச் சுற்றுலாப் பயணியின் புகைப்படத்திலிருந்து விடுவித்து, குழப்பமும் ஆசையும் கோபமும் பக்தியும் உள்ள அண்டைவீட்டுக்காரியாக நம் முன் நிறுத்துவது இந்தத் தடுமாற்றம்தான்.

மென்னோனைட்டுகளே இதை அறியாதவர்கள் அல்லர். கனடாவின் மனிடோபா மென்னோனைட் எழுத்தாளர் ஆர்மின் வீப் 1984இல் ‘த சால்வேஷன் ஆஃப் யாஷ் சீமென்ஸ்’ என்ற நகைச்சுவை நாவலில் தம் ஊர்மக்களின் பேச்சையே இலக்கியமாக்கினார். மிரியம் தேவ்ஸ் 2004இல் ‘எ காம்ப்ளிகேட்டட் கைண்ட்னஸ்’ நாவலில் கண்டிப்பான மென்னோனைட் சிற்றூரின் துயரத்தைச் சிரிப்பும் கண்ணீரும் பிரிக்கமுடியாதபடி எழுதினார். தேவ்ஸின் எழுத்து மையர்ஸைவிட ஆழமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இருவரும் ஒரே உண்மையின்மேல் நிற்கிறார்கள்: ஒரு சமூகம் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது தன் விசுவாசத்தை இழப்பதில்லை, அந்த விசுவாசத்தோடு வாழும் கஷ்டத்தை ஒப்புக்கொள்கிறது.

கத்தியைக் கைவிட்ட மக்களின் ஊரில் கொலைக்கதை எப்படி நிற்கும் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அந்த மக்கள் ஏன் கத்தியைக் கைவிட்டார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று அறிய விரும்புபவர் காஸைப் படிக்கவேண்டும். அவர் அளவுக்குப் பொறுப்பாக அதைக் கதையில் சொன்னவர்கள் குறைவு. கத்தியைக் கைவிட்ட பிறகும் மனிதருக்குள் கோபமும் பெருமையும் எங்கே போய் ஒளிகின்றன என்று அறிய விரும்புபவர் மையர்ஸிடம் போகவேண்டும். இரண்டாவது கேள்வி நம் எல்லோருக்கும் பொதுவானது. எந்த மதத்தில், எந்த ஊரில் பிறந்தாலும் தாம் நம்பும் நெறிக்கும் தம் நடத்தைக்கும் இடையே ஓர் இடைவெளியைச் சுமப்பவர்களே மனிதர்கள். அந்த இடைவெளியைக் கருணையோடு காட்ட மையர்ஸ் நகைச்சுவையைக் கையிலெடுத்தார். பொழுதுபோக்கு நூல் என்று அலமாரியின் கீழ்த்தட்டில் ஒதுக்கப்படும் அந்த வரிசை, சமயமும் சிரிப்பும் பற்றிய தீவிரமான வாசிப்புக்கு உரியது. அதைக் காஸின் நூல்களுக்குப் பக்கத்திலேயே வைத்துப் படிக்கவேண்டும்.